டிப்ளமோ முடித்து நேராக இரண்டாம் ஆண்டு பி.இ.: எலெக்டிவ் தேர்வும் படிப்புச் சுமையும்

பாலிடெக்னிக் முடித்து லேட்டரல் என்ட்ரியில் பி.இ. சேருபவருக்கு மொத்தம் ஆறு செமஸ்டர்தான். வகுப்பில் மற்றவர்கள் ஒரு வருடம் ஒன்றாகப் படித்துப் பழகியிருப்பார்கள். நீங்கள் நடுவில் ஏறுகிறீர்கள். பலரும் முதல் வாரத்திலேயே "எந்த எலெக்டிவ் எடுக்கலாம்" என்று கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். எலெக்டிவ் என்பது பட்டியலிலிருந்து நாமே தேர்ந்தெடுக்கும் விருப்பப் பாடம். அந்தக் கேள்விக்கான பதில் ஐந்தாம் செமஸ்டர் படிவத்தில் எழுதப்படுவதாகத் தோன்றும். உண்மையில் அது மூன்றாம் செமஸ்டரில், நீங்கள் படிக்காமல் தாண்டி வந்த முதலாண்டுக் கணக்கில் முடிவாகிவிடுகிறது. ஆகவே எலெக்டிவுக்கு முன்னால் அந்த இடைவெளியைப் பேசியாக வேண்டும்.

இங்கே சொல்லும் எண்கள் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளின் 2021 ரெகுலேஷனை, அதாவது பாடத்திட்டம், தேர்வு, மதிப்பெண் விதிகளின் தொகுப்பைச் சார்ந்தவை. நீங்கள் சேரும் ஆண்டின் ரெகுலேஷன் உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் வகுப்புத் தோழர்கள் முதலாண்டு சேர்ந்தபோது எது நடப்பில் இருந்ததோ அதுதான் உங்களுக்கும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் அதற்குத் தனிப் பாடத்திட்டமும் தனி மதிப்பெண் முறையும் உண்டு. சேர்ந்த அன்றே கிளாஸ் அட்வைசரிடம் ரெகுலேஷன் புத்தகத்தையும் உங்கள் துறையின் முழு சிலபஸையும் பி.டி.எஃப். ஆக வாங்கிவிடுங்கள். இரண்டும் வேண்டும். சிலபஸ் மட்டும் வைத்துக்கொண்டு விதிகளை சீனியர் வாய்மொழியில் நம்பி, எலெக்டிவ் பதிவில் மாட்டிக்கொள்பவர்கள் நிறைய.

படிக்காமல் தாண்டிய பாடங்கள்

முதலாண்டுத் தேர்வுகளை நீங்கள் எழுத வேண்டாம். ஆனால் அந்தப் பாடங்கள் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் மூன்றாம் செமஸ்டர் ஆசிரியர் பாடம் நடத்துவார். முதல் செமஸ்டரில் மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ், பைத்தான். இரண்டாவதில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அண்ட் நியூமெரிக்கல் மெத்தட்ஸ், இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ், துறை சார்ந்த ஓரிரு பாடங்கள். இவற்றில் எது உங்களுக்கு உடனடித் தேவை என்பது துறைக்குத் துறை மாறும்.

மெக்கானிக்கல், சிவில் என்றால் முதல் சோதனை டிரான்ஸ்ஃபார்ம்ஸ் அண்ட் பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ். டிப்ளமோ மாணவர்களுக்கு அதிகம் அரியர் விழும் இடங்களில் இதுவும் ஒன்று. ஃபூரியர் சீரிஸ் புதிய விஷயம் என்பதால் அல்ல, அதற்குள் வரும் இன்டக்ரேஷன் கையில் ஓடாததால்தான் பலரும் விழுகிறார்கள். ஒரே ஒரு கணக்கை எடுத்துப் பாருங்கள். எக்ஸ் ஸ்கொயரை காஸ் என்எக்ஸால் பெருக்கி, பூஜ்யம் முதல் பை வரை இன்டக்ரேட் செய்ய வேண்டும். ஆசிரியர் பலகையில் ஒரே வரியில் விடையை எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். அந்த ஒரு வரிக்குள் இருப்பது பெர்னூலி ஃபார்முலா. நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். இடது பத்தியில் எக்ஸ் ஸ்கொயரைத் தொடர்ந்து டிஃபரன்ஷியேட் செய்யுங்கள்: எக்ஸ் ஸ்கொயர், 2 எக்ஸ், 2, பூஜ்யம். வலது பத்தியில் காஸ் என்எக்ஸை மூன்று முறை இன்டக்ரேட் செய்யுங்கள்: சைன் என்எக்ஸ் வகுத்தல் என், மைனஸ் காஸ் என்எக்ஸ் வகுத்தல் என் ஸ்கொயர், மைனஸ் சைன் என்எக்ஸ் வகுத்தல் என் கியூப். இடது முதலை வலது முதலோடு, இரண்டாவதை இரண்டாவதோடு, இப்படிப் பெருக்கி, பிளஸ், மைனஸ், பிளஸ் என்று மாற்றி மாற்றி எழுதுங்கள். என் முழு எண் என்பதால் சைன் என் பை எப்போதும் பூஜ்யம். காஸ் என் பை என்பது மைனஸ் ஒன்றின் என்-ஆம் அடுக்கு. ஆகவே முதல் உறுப்பும் மூன்றாம் உறுப்பும் காணாமல் போய், நடு உறுப்பு மட்டும் நிற்கும்: 2 பை பெருக்கல் மைனஸ் ஒன்றின் என்-ஆம் அடுக்கு, வகுத்தல் என் ஸ்கொயர்.

இதைப் பார்க்காமல் நான்கு நிமிடத்தில் எழுத வந்துவிட்டால் ஃபூரியர் யூனிட்டில் பாதி முடிந்தது. ஃபங்ஷன் ஈவனா ஆடா என்று முதலிலேயே பார்க்கும் பழக்கத்தையும் கூடவே ஏற்றிக்கொள்ளுங்கள். ஈவன் என்றால் சைன் கோயெஃபிஷியன்ட் அனைத்தும் பூஜ்யம். 13 மார்க் கேள்வியில் பாதி வேலை குறைகிறது. இந்தப் பாடத்துக்கு வேண்டிய முன்பாடம் மொத்தமே நான்குதான்: பெர்னூலி இன்டக்ரேஷன், பார்ஷியல் டிஃபரன்ஷியேஷன், பார்ஷியல் ஃபிராக்ஷன், இரண்டாம் ஆர்டர் டிஃபரன்ஷியல் ஈக்வேஷனின் காம்ப்ளிமென்டரி ஃபங்ஷன். முதலாண்டுக் கணக்குப் புத்தகம் முழுவதையும் படிக்க உட்காராதீர்கள், அதற்கு நேரம் கிடையாது. இந்த நான்குக்கும் தலா 15 கணக்கு, ஆக 60 கணக்கு. தினம் மூன்று போட்டால் மூன்று வாரத்தில் முடியும்.

கம்ப்யூட்டர் சயன்ஸில் மூன்றாம் செமஸ்டர் கணக்கு டிஸ்கிரீட் மேத்ஸ். அதற்குப் பழைய கால்குலஸ் பெரிதாகத் தேவைப்படாது, எல்லோரும் புதிதாகத்தான் ஆரம்பிக்கிறார்கள். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடம் சி மொழியில் பாயின்டர், ஸ்ட்ரக்சர் இரண்டும் தெரியும் என்று எடுத்துக்கொண்டு லிங்க்டு லிஸ்டில் இறங்கும். ஃபவுண்டேஷன்ஸ் ஆஃப் டேட்டா சயன்ஸ் பைத்தானை எதிர்பார்க்கும். ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங் ஜாவாவில் நடக்கும். மூன்று மொழியும் ஒரே நேரத்தில் வரும்போது சின்டாக்ஸ் குழம்பும். சேர்க்கை ஆணை கையில் வந்ததும் வகுப்பு தொடங்கும்வரை கிடைக்கும் நாட்களில் சி பாயின்டரை மட்டும் முடித்துவிடுங்கள். பைத்தானை லேபோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளலாம். பாயின்டரை அப்படிப் பிடிக்க முடியாது.

எலக்ட்ரிக்கலுக்கு இரண்டாம் செமஸ்டர் சர்க்யூட் அனாலிசிஸ்தான் முதுகெலும்பு. டிப்ளமோவில் சர்க்யூட் படித்திருப்பீர்கள். ஆனால் மெஷ், நோடல் சமன்பாடுகளை மேட்ரிக்ஸாக எழுதித் தீர்ப்பதையும், டிரான்சியன்டை லாப்லாஸில் செய்வதையும் தனியாகப் பயிற்சி செய்ய வேண்டும்.

டிப்ளமோவில் தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிப் பழகியவர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு 40 பக்க நோட்டு போட்டு, இரண்டு மார்க் கேள்விகளின் விடையை இரண்டே வரியில் சொந்தமாக எழுதிவையுங்கள். பார்ட் ஏ மட்டும் 10 கேள்வி, 20 மார்க். கல்லூரி பஸ்ஸில் போகவர இரண்டு மணி நேரம் ஆகிறதென்றால் அந்த நோட்டுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

ஒரு செமஸ்டரின் உண்மையான எடை

பாடத்தின் எடையை கிரெடிட் என்ற அலகில் கணக்கிடுகிறார்கள். வாரம் ஒரு லெக்சர் பீரியட் ஒரு கிரெடிட், லேப் என்றால் இரண்டு பீரியடுக்கு ஒரு கிரெடிட். இதனால் கிரெடிட்டை மட்டும் பார்த்துச் சுமையை அளந்தால் தப்பாகிவிடும். கம்ப்யூட்டர் சயன்ஸ் மூன்றாம் செமஸ்டர் சுமார் 23 கிரெடிட், வகுப்பில் உட்காரும் நேரமோ வாரம் 30 பீரியட். லேப் தனியாக மூன்று, டிஜிட்டல் பாடத்தோடு ஒட்டிய லேப் ஒன்று. ஆக நான்கு இடத்துக்கு அப்சர்வேஷன், ரெக்கார்டு எழுத வேண்டும். ஒரு ரெக்கார்டுக்கு ஒன்றரை மணி நேரம் என்றாலும் வாரம் ஆறு மணி நேரம் அதிலேயே போகும்.

இதற்கு ஒரே வழிதான் உண்டு. லேப் முடிந்த அன்றே ரெக்கார்டை எழுதிவிடுவது, மறுநாளுக்குக்கூடத் தள்ளாமல். ரீடிங், கிராஃப், அவுட்புட் எல்லாம் அன்று நினைவில் இருக்கும், 50 நிமிடத்தில் முடியும். மூன்று வாரம் சேர்த்துவைத்தால் அடுத்தவர் ரெக்கார்டைப் பார்த்து எழுதத்தான் முடியும், அது வைவாவில் தெரிந்துவிடும். லேப் மதிப்பெண்ணில் 60 சதவீதம் இன்டர்னல் (கல்லூரியே போடும் மதிப்பெண்) என்பதையும் மறக்காதீர்கள். மெஷின் ஷாப், வயரிங், டிராயிங் எல்லாம் டிப்ளமோ மாணவரின் கை பழகிய இடம். அங்கே மார்க்கை விடுவது வீண் நஷ்டம்.

எழுத்துப் பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. இந்தக் கணக்கை முதல் வாரத்திலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். செமஸ்டர் தேர்வில் 100க்குக் குறைந்தது 45 வாங்க வேண்டும், மொத்தம் 50 வர வேண்டும். 45 என்றால் அது 60க்கு 27 ஆகிறது. ஆகவே இன்டர்னல் 23 இருந்தால் 45 எடுத்தும் தேறலாம். இன்டர்னல் 18 என்றால் தேர்வில் 54 வேண்டும். இன்டர்னல் 38 இருந்தாலும் தேர்வில் 44 எடுத்தால் தேறமுடியாது. இரண்டு இன்டர்னல் அசெஸ்மென்ட்டிலும் நூற்றுக்கு, எழுத்துத் தேர்வுக்கு 60, அசைன்மென்ட், செமினார், மினி புராஜெக்ட் வகைக்கு 40. கணக்கில் தடுமாறுகிறவர் இந்த 40ஐ முழுமையாக வாங்கி வைத்துக்கொண்டால், தேர்வு அறையில் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

சி.ஜி.பி.ஏ. (எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த கிரேடு சராசரி) விஷயத்தில் லேட்டரல் மாணவர்களுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. உங்கள் கணக்கு மூன்றாம் செமஸ்டரிலிருந்துதான் தொடங்கும். நான்கு கிரெடிட் பாடத்தில் ஏ கிரேடுக்குப் பதில் சி வந்தால் எட்டுக்குப் பதில் ஐந்து, அதாவது 12 புள்ளி இழப்பு. 23 கிரெடிட் மட்டும் கையிலிருக்கும் உங்களுக்கு அது 0.52 சரிவு. முதலாண்டும் சேர்த்து 70 கிரெடிட் வைத்திருப்பவருக்கு 0.17 மட்டுமே. அதே காரணத்தால் நல்ல செமஸ்டர் ஒன்று வந்தால் உங்களுடையதுதான் வேகமாக ஏறும்.

வருகைப்பதிவு 75 சதவீதம். 65க்கும் 75க்கும் இடையில் இருந்தால் மருத்துவச் சான்று போன்ற காரணம் காட்டி, கட்டணம் கட்டி மன்னிப்புக் கேட்கலாம். 65க்குக் கீழே போனால் தேர்வு எழுத முடியாது, அந்த செமஸ்டரையே மறுபடி படிக்க வேண்டிவரும். கவுன்சலிங் தாமதமானால் நீங்கள் சேருவதற்குள் இரண்டாம் ஆண்டு வகுப்பு தொடங்கியிருக்கும். அந்த நாட்கள் உங்கள் பெயரில் எப்படிப் பதிவாகின்றன என்பதைச் சேர்ந்த வாரத்திலேயே கிளாஸ் அட்வைசரிடம் கேட்டு, ஒரு கடிதமாகக் கொடுத்துப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். செமஸ்டர் முடிவில் கேட்டால் யாராலும் திருத்த முடியாது.

வாரத்தைப் பிரிப்பதற்கு ஒரு அளவு: வகுப்புக்கு வெளியே மொத்தம் 16 மணி நேரம். அதில் கணக்குக்கு ஐந்து, ரெக்கார்டுக்கு நான்கு, மீதி பாடங்களுக்கு ஆறு, ஒரு மணி நேரம் விட்டுப்போனதைப் பிடிக்க. கணக்கை ஞாயிறு ஒரே நாளில் ஐந்து மணி நேரம் போடாமல், தினம் 45 நிமிடமாகப் போடுங்கள். ஃபார்முலா கையில் நிற்பது தினப்பழக்கத்தால்தான்.

எலெக்டிவ்: படிவம் வருவதற்கு முன்

புரொஃபெஷனல் எலெக்டிவ், அதாவது உங்கள் துறைக்குள்ளேயே தேர்ந்தெடுக்கும் பாடம், ஐந்தாம், ஆறாம் செமஸ்டரில் வரும். சிலபஸில் அவை 'வெர்ட்டிகல்' என்ற பத்திகளாக அச்சாகியிருக்கும். ஒரு பத்தி ஒரு சிறப்புத்துறை: கம்ப்யூட்டர் சயன்ஸில் டேட்டா சயன்ஸ், ஃபுல் ஸ்டாக், கிளவுட், சைபர் செக்யூரிட்டி என்று போகும், மெக்கானிக்கலில் ரோபாட்டிக்ஸ், மாடர்ன் மொபிலிட்டி போன்றவை. எல்லாப் பாடங்களையும் ஒரே பத்தியில் எடுக்கலாம், பல பத்திகளில் கலந்தும் எடுக்கலாம். ஆனால் குறுக்கு வரிசையில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது: ஒரு செமஸ்டரில் ஒரே வரிசையிலிருந்து ஒரு பாடம்தான் எடுக்கலாம். அதே வரிசையில் இரண்டு வேண்டுமென்றால் ஒன்றை ஐந்தாம் செமஸ்டரிலும் இன்னொன்றை ஆறிலும் வைக்க வேண்டும். பிடித்த இரண்டு பாடமும் ஒரே வரிசையில் மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கும். அந்தப் பட்டியலை ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்து, ஐந்தாம் செமஸ்டருக்கு நீலம், ஆறுக்குச் சிவப்பு என்று வட்டமிட்டுப் பாருங்கள். மோதல் கண்ணுக்கே தெரியும்.

வட்டமிடுவதற்கு முன் ஒவ்வொரு பாடத்தின் முதல் யூனிட்டையும் வாசியுங்கள். அதில் எந்த முன்பாடம் ஒளிந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் லேட்டரல் மாணவருக்கு மிக முக்கியமான வேலை. டேட்டா சயன்ஸ் பத்தியில் நியூரல் நெட்வொர்க்ஸ் அண்ட் டீப் லேர்னிங் இருக்கிறது. பெயர் கவர்ச்சியானது. உள்ளே போனால் மேட்ரிக்ஸ் பெருக்கலும், பார்ஷியல் டெரிவேட்டிவும், செயின் ரூலும்தான். மூன்றுமே நீங்கள் தாண்டி வந்த முதல் செமஸ்டர் கணக்கில் இருப்பவை. அந்தப் பாடம் வேண்டும் என்றால் நான்காம் செமஸ்டர் விடுமுறையில் இரண்டு வாரம் அதற்கு ஒதுக்குங்கள், முடியாதென்றால் அந்தப் பாடத்தை விடுங்கள். மெக்கானிக்கலில் கம்ப்யூட்டேஷனல் வகைப் பாடங்கள் இரண்டாம் செமஸ்டர் நியூமெரிக்கல் மெத்தட்ஸை எதிர்பார்க்கும், அதுவும் இதே கதைதான்.

எதிர்ப்பக்கத் தவறும் இருக்கிறது. "இது டிப்ளமோவிலேயே படித்தது, சுலபம்" என்று எடுப்பது. பாடத்தின் பெயர் ஒன்றாக இருக்கும், கேள்வி வேறாக இருக்கும். டிப்ளமோவில் படம் வரைந்து வேலை செய்யும் விதத்தை விளக்கினால் போதும். பி.இ.யில் அதே கருவிக்கு டெரிவேஷனும் டிசைன் கணக்கும் கேட்பார்கள். பழைய பல்கலைக்கழகக் கேள்வித்தாளின் 15 மார்க் பார்ட் சி கேள்வியை மட்டும் எடுத்துப் பாருங்கள், பாடத்தின் உண்மையான முகம் அங்கேதான் தெரியும்.

எலெக்டிவின் பீரியட் கணக்கையும் பாருங்கள். கம்ப்யூட்டர் சயன்ஸில் பல எலெக்டிவ் இரண்டு பீரியட் வகுப்பு, இரண்டு பீரியட் லேப், மூன்று கிரெடிட் என்ற அமைப்பில் இருக்கின்றன. ஐந்தாம் செமஸ்டரில் இரண்டு, ஆறில் நான்கு. அப்படியானால் ஆறாம் செமஸ்டரில் எலெக்டிவுக்கு மட்டும் வாரம் 16 பீரியட், நான்கு லேப் நோட்டு. படிப்பிலேயே கனமான செமஸ்டர் இதுதான். நான்கிலும் புராஜெக்ட் செய்து காட்டும் பாடங்களாக எடுத்தால் மார்ச் மாதம் தாங்காது. இரண்டு கனமானது, இரண்டு வாசித்து எழுதக்கூடியது என்று கலந்துவிடுங்கள். லேபோடு சேர்ந்த பாடங்களில் இன்டர்னலும் தேர்வும் பாதிப்பாதி என்பதால், வாராவாரம் வேலை செய்கிறவருக்கு இவை சாதகமானவை.

கல்லூரி எல்லா எலெக்டிவையும் நடத்தாது. ஆசிரியர் இருக்க வேண்டும், போதிய பேர் சேர வேண்டும். நான்காம் செமஸ்டர் முடிவதற்குள் ஹெச்.ஓ.டி.யிடம் "இந்த முறை எவையெல்லாம் திறக்கப் போகிறீர்கள் சார்" என்று கேட்டு, திறக்கும் பட்டியலுக்குள் தேர்வு செய்யுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டாவது விருப்பம் ஒன்று எழுதி வையுங்கள். இல்லையென்றால் கடைசி நாளில் நண்பர் கை காட்டும் இடத்தில் டிக் போடுவீர்கள்.

எட்டாம் செமஸ்டர் புராஜெக்ட் 10 கிரெடிட். ஆகவே எலெக்டிவில் குறைந்தது இரண்டாவது அந்த புராஜெக்டுக்குப் பயன்படும்படி இருக்கட்டும். எம்.இ., எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் அதன் சிலபஸோடு ஒட்டிய பாடத்துக்கு முன்னுரிமை.

ஓப்பன் எலெக்டிவ் வேறு துறை நடத்தும் பாடம். கம்ப்யூட்டர் சயன்ஸில் ஆறாம் செமஸ்டரில் ஒன்றும் ஏழில் மூன்றுமாக வரும். டிப்ளமோ ஒரு துறை, பி.இ. வேறு துறை என்று மாறி வந்தவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு, பழைய துறையின் பாடம் ஒன்றை எடுக்கலாம். ஏழாம் செமஸ்டரில்தான் பிளேஸ்மென்ட் நேர்முகங்களும் நடக்கும் என்பதால், அங்கே லேப் இல்லாத, அசைன்மென்ட் குறைவான பாடமாகப் பாருங்கள்.

ஹானர்ஸ் (சொந்தத் துறையில் கூடுதல் பாடங்கள்), மைனர் (வேறு துறையில் கூடுதல் பாடங்கள்) இரண்டுக்கும் கூடுதலாக 18 கிரெடிட், அதாவது ஆறு பாடம். ஐந்தாம் செமஸ்டரிலிருந்து பதிவு செய்யலாம். மூன்று, நான்காம் செமஸ்டரில் ஒரு அரியரும் இல்லாமல், சி.ஜி.பி.ஏ. எட்டைத் தாண்டியிருந்தால் யோசிக்கலாம். இல்லையென்றால் வேண்டாம் என்பதே எங்கள் அழுத்தமான கருத்து. முதல் வகுப்பு டிஸ்டிங்ஷனுக்கு 8.50 வேண்டும், எல்லாப் பாடமும் முதல் முயற்சியில் தேற வேண்டும். கூடுதல் பாடத்தின் சுமையில் அதை இழந்தவர்கள் உண்டு.

எலெக்டிவுக்குப் பதிலாக என்.பி.டி.இ.எல். (ஐ.ஐ.டி.கள் இணையத்தில் நடத்தும் படிப்பு) பாடம் எடுக்கலாம் என்று கல்லூரி அனுமதித்தால், முன் அனுமதியை எழுத்தில் வாங்கிய பிறகே பதியுங்கள். முடித்துவிட்டுச் சான்றிதழோடு போய் நின்றால் கிரெடிட் கிடைக்காது. 12 வாரப் பாடம் மூன்று கிரெடிட்டுக்குச் சமம். அசைன்மென்ட் 25, நேரடித் தேர்வு 75. அசைன்மென்டில் 10ஆவது, தேர்வில் 30ஆவது இருந்தால்தான் சான்றிதழ். 12 அசைன்மென்டில் சிறந்த எட்டை எடுத்துக்கொள்கிறார்கள், அதை நம்பி முதல் நான்கை விட்டுவிடாதீர்கள், பாடத்தின் அடித்தளம் அங்கேதான் இருக்கிறது. இதற்குச் சரியான இடம் ஐந்தாம் செமஸ்டரின் ஜூலை சுற்று. மூன்றாம் செமஸ்டரில் தொடவே கூடாது. ஆறாம் செமஸ்டரின் ஜனவரி சுற்றில் எடுத்தால் நான்கு எலெக்டிவ் லேபோடு மோதும்.

மூன்றாம் செமஸ்டரில் அரியர் ஒன்று விழுந்துவிட்டால் நான்காம் செமஸ்டர் தேர்வோடு சேர்த்து உடனே எழுதுங்கள், ஐந்துக்குத் தள்ளாதீர்கள். வளாகத் தேர்வுக்கு வரும் பல நிறுவனங்கள் நிலுவை அரியர் இருப்பவரை முதல் சுற்றிலேயே நிறுத்திவிடும். அந்தப் பாடத்துக்குப் புதிதாகப் புத்தகம் வாங்கி ஆரம்பிக்க வேண்டாம். ஐந்து யூனிட்டில் கைவந்த மூன்றை எடுத்து, கடந்த ஆறு தேர்வுகளின் 13 மார்க் கேள்விகளைத் தீர்த்துப் பாருங்கள். அத்தோடு இரண்டு மார்க் கேள்விகளை ஐந்து யூனிட்டிலிருந்தும் தயார் செய்யுங்கள். பார்ட் ஏ எல்லா யூனிட்டையும் தொடும், அங்கே விடுவதற்கு இடமில்லை.

ஏழாம் செமஸ்டரில் முழுநேர இன்டர்ன்ஷிப் கிடைத்தால், அந்த செமஸ்டரின் பாடங்களை எட்டாம் செமஸ்டருக்கு மாற்றிக்கொள்ளும் வழி 2021 பாடத்திட்டத்தில் உள்ளது. அதற்கான கடிதத்தை ஆறாம் செமஸ்டர் தேர்வுக்கு முன்பே துறையில் கொடுத்துவிடுங்கள். ஓப்பன் எலெக்டிவ் நடத்தும் மற்ற துறைகளும் அப்போதுதான் தங்கள் வகுப்புப் பட்டியலை முடிவு செய்கின்றன.